வாய்க்கு ஒருசந்தி

புதன்கிழமை காலை இட்லி வேகும் முன்பே எரியோட்டிலிருந்து ரெஜினா வந்து இறங்கிவிட்டாள். தனியாக வரவில்லை. அருண்பாண்டி என்ற பெயிண்டரையும் கையோடு கூட்டி வந்திருந்தாள்.

மாடிச் சாவி எங்கே என்று தம்பி மனைவி ஜெசிந்தாவிடம் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் ஆணியில் தொங்கியதைத் தானே எடுத்துக்கொண்டாள்.

ஜெசிந்தா ஒன்றும் சொல்லவில்லை. அதுதானே இப்போது இந்த வீட்டின் பெரிய வியாதி.

போன வாரம் வரை நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மறந்தவர்களுக்கும் இன்றுதான் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

திண்டுக்கல் மரியநாதபுரத்தில் ஜெசிந்தாவின் வாய் பிரசித்தம். தண்ணீர் லாரிக்காரர்கூட அவள் வீட்டு வாசலில் மட்டும் ஹாரனைத் தொட மாட்டார். தவக்காலம் தொடங்கிய திருநீற்றுப் புதனன்று பங்குச்சாமி பிரசங்கத்தில் ஒன்று சொன்னார். கறியை விடுவதும் பூ வைக்காமல் இருப்பதும் சரி, இந்த நாற்பது நாளில் ஏதாவது ஒரு காரியத்திலாவது கொஞ்சம் இயேசுவைப் போல ஆகப் பாருங்கள் என்றார். மற்றவர்கள் அந்தப் பேச்சைக் கோயில் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். ஜெசிந்தா வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டாள். ஒருவேளை சாப்பாட்டோடு வயிற்றுக்கு ஒருசந்தி இருப்பதைப் போல, ஈஸ்டர் எனும் பாஸ்கா வரைக்கும் வாய்க்கு ஒருசந்தி. ஒரு கடுஞ்சொல் பேசுவதில்லை என்று நேர்ந்துகொண்டாள்.

முதல் வாரத்திலேயே சிக்கல் தெரிந்துவிட்டது. கோபம் வருகிற நேரத்தில் அவள் கைவசம் இருந்தது கடுஞ்சொல் மட்டும்தான். சாந்தமான சொல் என்று ஒன்றைத் தேடினால் அகப்படவே இல்லை. அதனால் மொத்தமாக வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டில் இருந்தவர்களுக்கு அது சொர்க்கம். லோடு ஆட்டோ ஓட்டுகிற கணவன் ஆண்டனிராஜ் ஈரத்துண்டைக் கட்டிலிலேயே போட ஆரம்பித்தான். கல்லூரிக்குப் போகிற மகள் ஜீவிதா சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். தெருவில் நாலைந்து வீட்டார் கூடி வாராவாரம் ஜெபம் சொல்லும் அன்பியக் கூட்டம், முறை வைத்து வீடு மாறுவதை மறந்து, எல்லா வாரமும் ஜெசிந்தா வீட்டிலேயே நடந்தது. சுண்டலும் அவள்தான் அவித்தாள்.

இவையெல்லாம்கூடப் போகட்டும். பாஸ்காவுக்கு முந்தின ஞாயிறான குருத்து ஞாயிறன்றுதான் தலையில் இடி விழுந்தது.

பூசை முடிந்து, கையில் குருத்தோலைச் சிலுவையோடு இந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்த ரெஜினா, தன் ஒரே மகன் சந்தோஷ்குமாருக்குக் கீரனூரில் பெண் அமைந்துவிட்டதைச் சொன்னாள். மே மாதம் கல்யாணம். கணவர் போன பிறகு தனியாக நின்று வளர்த்த மகன் என்பதால் எல்லோருக்கும் சந்தோஷம்தான். அடுத்த வாய் சோறு உள்ளே போவதற்குள், சின்னஞ்சிறுசுகள் டவுனில் இருக்கட்டும், உங்கள் மாடியைக் கொடுத்துவிடுங்கள் என்றாள்.

ஆண்டனிராஜ் மனைவியின் முகத்தைப் பார்த்தான். ஜெசிந்தாவுக்குத் தொண்டை வரைக்கும் வந்த அத்தனையும் கடுஞ்சொல். தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினாள்.

"ஜெசிந்தாதான் ஒண்ணும் சொல்லலையே, அப்பறம் என்ன" என்று ரெஜினா ரசத்துக்குத் தட்டை நகர்த்தினாள். அவ்வளவுதான். மாடி போய்விட்டது.

மாடி என்றால் மாளிகை இல்லை, தகரம் போட்ட ஒற்றை அறை. அதில்தான் ஜெசிந்தாவின் இரண்டு தையல் மெஷின்களும் வெட்டு மேஜையும் இருந்தன. பாஸ்கா முடிந்ததும் பிள்ளைகளுக்குப் புதுநன்மை கொடுப்பார்கள். முதல்முதலாக நற்கருணை வாங்கப் போகும் பெண் குழந்தைகள் போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கவுன், பங்கில் பாதிக்கு மேல் ஜெசிந்தா தைத்ததாகத்தான் இருக்கும். கீழே ஒரு ஹாலும் ஒரு படுக்கையறையும், இரண்டு பேர் நின்றால் இடிக்கிற அடுப்படியும். அங்கே மெஷின் போட வழியே இல்லை. மாடி போனால் தொழிலும் போனது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எவரும் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இட்லியை இறக்கி வைத்துவிட்டு ஜெசிந்தா மேலே போனபோது, அவளோடு தைக்கிற பாண்டிச்செல்வி சுவரோரம் ஒடுங்கி நின்றிருந்தாள். ரெஜினா கொடியில் தொங்கிய கவுன்களை அள்ளித் தரையில் ஒரு பழைய பேப்பர் மேல் குவித்திருந்தாள். அருண்பாண்டி உப்புத்தாளால் சுவரைத் தேய்க்க, சுண்ணாம்புத் தூள் அத்தனை வெள்ளையின் மேலும் இறங்கிக்கொண்டிருந்தது.

சரிகை லேஸ் வைத்த கவுன் ஒன்று பேப்பரை விட்டு வெளியே கிடந்தது. அதன் நடு வயிற்றில் ஒரு குதிகால் தடம் பதிந்திருந்தது.

பெயிண்டர் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தான். பார்க்கவில்லை என்று இரண்டு முறை சொன்னான்.

"துவைச்சாப் போயிட்டுப் போகுது. அதுக்கு ஏன்டா இம்புட்டுப் பதறுற" என்றாள் ரெஜினா. பிறகு ஜெசிந்தா பக்கம் திரும்பி, சுவருக்கு ரோஸ் அடிக்கலாமா, பச்சை அடிக்கலாமா என்று யோசனை கேட்டாள்.

பாண்டிச்செல்வி ஜெசிந்தாவின் காதருகே வந்தாள். "அக்கா, ஏதாச்சும் சொல்லுங்கக்கா. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிருவேன்."

ஜெசிந்தா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். குனிந்து அந்தக் கவுனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து அந்தத் தடத்தைத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் நிறம் பரவியதே தவிர போகவில்லை. வாயை மூடிய நாளிலிருந்து அவள் மனம் இரண்டு ஷிப்ட் வேலை பார்த்தது. ரெஜினாவின் தலைச்சாயத்திலிருந்து, ஜீவிதாவின் சடங்குக்கு அவள் கொண்டு வந்த சாயம் போகிற பாவாடை வரைக்கும் ஒன்று விடாமல் உள்ளே திட்டி முடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். முன்பெல்லாம் கத்தினால் கோபம் வெளியே போய்விடும், சாயங்காலம் அதே ரெஜினாவுக்குப் பூ கட்டிக் கொடுப்பாள். இப்போது போக வழியில்லாமல் உள்ளேயே கிடந்து புளித்தது. இந்த நாற்பது நாளில் ரெஜினாவை வெறுத்ததைப் போல அவள் வாழ்நாளில் எவரையும் வெறுத்ததில்லை.

ஈரக் கையோடு ஹாலுக்கு வந்தாள். சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம் இருந்தது, கீழே சிவப்பு பல்பு எரிந்தது. ஜெசிந்தா கொஞ்ச நேரம் அதையே முறைத்துப் பார்த்தாள். உங்களுக்கு நாத்தனார் கிடையாது என்று மனதுக்குள் சொன்னாள்.

கல்லூரிப் பையை மாட்டிக்கொண்டிருந்த ஜீவிதா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா, நீ மனசுக்குள்ள திட்டுறது இங்க வரைக்கும் கேக்குது. அதுக்குப் பேசாம வாயத் தெறந்தே திட்டிரு."

சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். தட்டு மேஜை மேலேயே இருந்தது.

மத்தியானம் ஆண்டனிராஜ் சாப்பிட வந்தான். தலைக்கு மேல் மேஜையை இழுக்கும் சத்தம் கேட்டது. கேட்காதவனைப் போலக் கத்திரிக்காய் வெஞ்சனம் நன்றாக இருப்பதாகச் சொன்னான். ஜெசிந்தா இன்னொரு கரண்டி வைத்தாள். வைத்த வேகத்தில் தட்டு நகர்ந்தது.

கை கழுவியதும் அவன் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அவனுக்கு அன்றைய கவலை மாடி இல்லை, வெள்ளிக்கிழமை. பெரிய வெள்ளி வழிபாட்டில் ஆண்டவருடைய திருப்பாடுகளை, அவர் பிடிபட்டதிலிருந்து சிலுவையில் இறந்தது வரையுள்ள வாசகத்தை, மூன்று பேர் பிரித்து வாசிப்பார்கள். இயேசு பேசும் வரிகள் சாமிக்கு. சேவகன், பிலாத்து, பேதுரு எல்லாம் ஒரு வாத்தியாருக்கு. நடுவில் கதையைச் சொல்லிக்கொண்டு போகிறவர் இந்த வருஷம் முதல்முறையாக ஆண்டனிராஜ். மைக் முன்னால் நின்றால் லோடு ஆட்டோ ஓட்டுகிற அதே வேகத்தில் ஓடிவிடுவான் என்று வாத்தியார் எச்சரித்திருந்தார்.

எதிரே ஒருவர் வாசித்தால்தான் நிறுத்தி நிறுத்தி வரும் என்றான். "ஏ ஜெசி, செத்த நேரம் உக்காரு. நான் மத்ததெல்லாம் வாசிக்கிறேன். நீ இயேசு வாசி."

இயேசுவின் வரிகளில் கடுஞ்சொல் எதுவும் வராது என்ற தைரியத்தில் அவள் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் பல நாளைக்குப் பிறகு அவள் குரல் வாக்கியமாகக் கேட்டது.

தோட்டத்தில் பிடித்தார்கள், கட்டினார்கள், தலைமைக் குருவின் வீட்டுக்குக் கொண்டுபோய் விசாரித்தார்கள். இயேசு பதில் சொன்னார். பக்கத்தில் நின்ற காவலன், பெரியவரிடம் பேசுகிற முறையா இது என்று கன்னத்தில் அறைந்தான். ஆண்டனிராஜ் அதைச் சரக்குச் சீட்டு வாசிப்பதைப் போல வாசித்துவிட்டு நிமிர்ந்தான். அடுத்தது ஜெசிந்தாவின் வரி.

நான் தப்பாகப் பேசியிருந்தால் எது தப்பு என்று காட்டு, சரியாகத்தான் பேசினேன் என்றால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று இயேசு கேட்கிற இடம் அது.

அவள் வாசித்தாள். நிறுத்தினாள். விரலை அந்த வரியின் மேல் வைத்துக்கொண்டு மறுபடி வாசித்தாள்.

அவன் அடுத்த பக்கத்தைப் புரட்டக் கை வைத்தான். அவள் விரலை எடுக்கவில்லை.

"இவரு கேட்டிருக்காருங்க" என்றாள்.

"என்னத்த?"

"அறை வாங்கிட்டு சும்மா நிக்கல. ஏன் அடிக்கிறன்னு கேட்டிருக்காரு."

வருஷா வருஷம் கேட்கிற வாசகம்தான். வெள்ளிக்கிழமை மூன்று மணி வெயிலில், கால் மாற்றிக் கால் மாற்றி நின்று, வாசகம் எப்போது முடியும், கஞ்சி எப்போது ஊற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டே கேட்டது. மறு கன்னத்தைக் காட்டச் சொன்னது அவளுக்கு மனப்பாடம். சொன்னவரே அறை வாங்கியபோது வாயைத் திறந்தார் என்பது காதில் ஏறவே இல்லை. திருப்பி அடிக்கவில்லை, திட்டவில்லை, சாபம் கொடுக்கவில்லை. ஆனால் கேட்டிருக்கிறார்.

ஆண்டனிராஜ் புத்தகத்தைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தான். "அது ஒரு வரிதான ஜெசி. மத்தபடி அமைதியாத்தான இருந்தாரு."

"அந்த ஒரு வரியத்தாங்க நான் விட்டுட்டேன்."

அவள் புத்தகத்தை அவன் மடியில் வைத்தாள். பிறகு அவன் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள். குரலில் சூடு இல்லை. பழைய கத்தலுக்கு அவன் பழகியவன், இந்தக் குரல் அவனுக்குப் புதிது.

"ஞாயித்துக்கெழம மாடியக் கேட்டப்ப நீங்க ஏங்க பேசல?"

நீதான் ஒன்றும் சொல்லவில்லையே என்று அவன் முனகினான்.

"நான் நேந்துக்கிட்டது உங்களுக்குத் தெரியும். நீங்க விட்டது கறியத்தான, பேச்ச இல்லையே?"

அவன் புத்தகத்தை மூடி, திறந்து, மறுபடி மூடினான். அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிப் பழக்கமில்லாத வாய் அவனுடையது. மனைவியின் வாய் சத்தமாக இருந்தவரைக்கும் அதன் பின்னால் சௌகரியமாக ஒளிந்துகொண்டிருந்தான். நாற்பது நாளாக ஒளிய இடமில்லாமல் போனதை அவன் இப்போதுதான் உணர்ந்தான்.

ஜெசிந்தா மாடிப்படி ஏறினாள். கொஞ்சம் தாமதமாக அவனும் பின்னாலேயே ஏறினான்.

மேலே சுவரில் ஓர் ஓரத்தில் ரோஸ் நிறம் பூசிப் பார்த்திருந்தார்கள். ரெஜினா தையல் மெஷினின் ஸ்டூலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். பாண்டிச்செல்வி கவுன்களை ஒவ்வொன்றாக உதறிக்கொண்டிருந்தாள்.

"மதினி, ஒண்ணு கேக்கணும்" என்றாள் ஜெசிந்தா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இது என் தொழில் நடக்கிற எடம். இதக் குடுக்க முடியாது மதினி. என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம ஏன் முடிவு பண்ணீக?"

விசிறி நின்றது. ரெஜினா முதலில் தம்பியைத்தான் பார்த்தாள்.

ஆண்டனிராஜ் கடைசிப் படியிலேயே நின்றான். "அக்கா, இத நான் அன்னைக்கே சொல்லிருக்கணும். அது ஜெசிந்தா எடம்தான்" என்றான். வாசகத்தில் இருந்த வேகம் அதில் இல்லை. ஒவ்வொரு சொல்லாக வந்தது.

ரெஜினாவுக்கு முகம் சிவந்துவிட்டது. இது அப்பா கட்டின வீடு என்றாள். தகரம் போட்டவர் யார், கம்பி வாங்கியவர் யார் என்று ஆரம்பித்துத் தன் கல்யாணத்தில் விட்டுக்கொடுத்தது வரைக்கும் போனாள். பிறகு ஜெசிந்தா பக்கம் திரும்பினாள்.

"என் தம்பி பொண்டாட்டி திருந்திட்டான்னு எரியோடு முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். பாஸ்காவுக்கு இன்னும் மூணு நாளு கெடக்கு. அதுவரைக்கும் தாங்கலையாக்கும் ஒன் பக்தி?"

சுரீர் என்றது. ஜெசிந்தாவின் நாக்கு நுனிக்கு நல்ல பதிலாக நாலு வந்து வரிசையில் நின்றன. எல்லாமே பலிக்கக்கூடியவை, ரெஜினா ஒரு மாதத்துக்கு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள். அவற்றை விழுங்கினாள். ஆனால் இந்த முறை எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கவில்லை. கீழே வாசித்த வரியிலிருந்து ஒரு சொல்லை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டாள்.

"ஏன் மதினி?" என்றாள். "எரியோட்டுல மூணு ரூமோட அம்புட்டுப் பெரிய வீடு சும்மாத்தான கெடக்கு. அத விட்டுட்டு சந்தோஷு ஏன் இந்தத் தகரத்துக்குக் கீழ வந்து வேகணும்? நெசமாத்தான் கேக்குறேன்."

உண்மையிலேயே கேட்கிற குரலாக இருந்ததால்தானோ என்னவோ, ரெஜினாவுக்குச் சண்டையைத் தொடரத் தெரியவில்லை. பெயிண்டரைப் பார்த்து, போய் டீ குடித்துவிட்டு வா என்றாள். அவன் படியிறங்கும் வரைக்கும் காத்திருந்தாள். பாண்டிச்செல்வியின் கையிலிருந்த கவுனை வாங்கி, அதில் படிந்திருந்த சுண்ணாம்பைத் தன் சேலைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"அவுக ரெண்டு பேரும் எரியோட்டுலதான் இருக்கப் போறாக" என்றாள்.

ஆண்டனிராஜ் ஒரு படி மேலே வந்தான்.

"தனிக்குடித்தனம்னாத்தான் பொண்ணு குடுப்போம்னு கீரனூர்க்காரவுக சொல்லிட்டாக. தனின்னா நான் இல்லாம. அம்மா, நீ மாமா வீட்டுல இருந்துக்கம்மான்னான் சந்தோஷு." ரெஜினா நிமிரவே இல்லை. "இங்க வரப்போறது நான்தான். ஊர்ல எப்படிச் சொல்லன்னு தெரியல. சின்னஞ்சிறுசுக டவுனுக்குப் போகுதுன்னு சொல்லிட்டேன்."

நீ அவனிடம் என்ன சொன்னாய் என்று ஆண்டனிராஜ் கேட்டான்.

"என்னத்தச் சொல்ல. ஒண்ணும் சொல்லல. சரின்னு எடுத்துக்கிட்டான்."

ஜெசிந்தாவுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ரெஜினா மேலா, சந்தோஷ்குமார் மேலா, கீழே சிவப்பு பல்புக்கு மேலே இருக்கிறவர் மேலா என்று பிரிக்கத் தெரியவில்லை. நாற்பது நாள் திணறி, இப்போதுதான் ஒரு வரியைக் கண்டுபிடித்தாள். அதைச் சொல்லித் தன் இடத்தைத் திருப்பி வாங்கி முழுசாக ஒரு மூச்சு விடவில்லை. அதற்குள் அதே இடத்துக்கு வேறொருத்தி வந்து நிற்கிறாள், அவளும் ஒன்றும் சொல்லாமல் இருந்து இடத்தை இழந்தவள். இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவளை வெறுப்பது காலையில் எவ்வளவு சுலபமாக இருந்தது. இப்போது அதற்கும் வழியில்லை.

மாடியைக் கொடுத்தால் தொழில் இல்லை. கொடுக்காவிட்டால் மதினி எங்கே போவாள். ஹாலில் ஒரு கட்டில் போடலாமா, அன்பியக் கூட்டத்தை எங்கே உட்கார வைப்பது, ஜீவிதா எங்கே படிப்பாள் என்று கேள்விகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்தன. கடுஞ்சொல்லும் வரவில்லை, சாந்தமான சொல்லும் வரவில்லை.

பாண்டிச்செல்விதான் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, மெஷினப் பழைய எடத்துலயே போடவா? இல்ல, கீழ எறக்கவா?"

ரெஜினா துடைப்பதை நிறுத்தினாள். படியில் நின்ற ஆண்டனிராஜ் மனைவியைப் பார்த்தான். ரோஸ் பூசிய இடம் காய்ந்துகொண்டிருந்தது.

ஜெசிந்தா பேசவில்லை. மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். இந்தத் தவக்காலத்தில் முதன்முறையாக, அவள் மௌனத்தை எவரும் சம்மதமாக எடுத்துக்கொள்ளவில்லை.